பத்தில் பிடித்த டேப்

என் அண்ணியிடம் மணி கேட்டால் மணி சொல்வாள். வேறு எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில்தான் சொல்வாள். கட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரம். என் அண்ணன் ஆயிரத்து அறுநூற்று எண்பது, அதுவும் செருப்போடு. அவளுடைய தங்கைக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தபோது, நீளம் நாற்பத்தொன்பது சென்டிமீட்டர், எடை இரண்டு புள்ளி எட்டு ஐந்து கிலோ என்று நர்ஸ் வந்து சொன்னார். அண்ணி வராந்தாவில் ஓடிவந்து, "நானூத்தித் தொண்ணூறு! ரெண்டாயிரத்து எண்ணூத்தி அம்பது!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினாள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் பயந்துபோய் எழுந்து இடம் கொடுத்தார்.

தெருவில் அவளுக்கு மில்லி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட மாட்டார்கள். கோபம் அவளுக்கு மூக்குக்கு மேல் வரும், ஒரு இடத்தில் உட்காரவும் மாட்டாள். சாப்பிடும்போதுகூட ஒரு காலை வாசல் பக்கம் நீட்டி வைத்திருப்பாள். யாராவது அளக்கக் கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டுமே.

அதுதான் அவள் வேலை. ஒரு கண்ணாடிக் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய் ஜன்னல், கதவு, பால்கனி எல்லாம் அளப்பாள். நான் அதே கம்பெனியின் ஆபீசில் இருக்கிறேன். அவள் அளந்த எண்ணைப் போனில் சொல்வாள், நான் சீட்டில் எழுதுவேன், சீட்டு பின்பக்கம் கட்டர்காரரிடம் போகும். அவர் வெட்டுவார். நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் நின்றது பத்து தடவைகூட இருக்காது. ஆனால் அவள் சொன்ன எண் என் கை வழியாகத்தான் கண்ணாடியாக மாறும்.

அவள் வேலைக்குச் சேர்ந்தது பத்தொன்பது வருடத்துக்கு முன்னால். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. முதல் நாள் ஒரு வீட்டு ஜன்னலை அளந்து, நூற்றிருபதுக்குத் தொண்ணூறு என்று துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். சென்டிமீட்டர் என்று போடவில்லை. கட்டர்காரருக்கு மில்லிமீட்டரைத் தவிர வேறு உலகம் கிடையாது. அவர் நூற்றிருபது மில்லிக்குத் தொண்ணூறு மில்லி, அதாவது உள்ளங்கை அளவுக்கு, ஒரு கண்ணாடியை வெட்டி, நான்கு ஓரமும் அழகாக மழுக்கி, உடையாமல் இருக்கப் பஞ்சில் சுற்றி அந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வீட்டுக்காரர் அதை ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பல்லிக்கா?" என்று போன் செய்தார்.

அந்தக் கண்ணாடியை அண்ணி இன்னும் வைத்திருக்கிறாள். சூடான டம்ளரை அதன்மேல்தான் வைப்பாள். அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் மில்லிதான். சென்டியில் யாராவது சொன்னால் பத்தால் பெருக்குவாள், மீட்டரில் சொன்னால் ஆயிரத்தால் பெருக்குவாள், பெருக்கி முடிக்கும்வரை காதில் வேறு எதுவும் விழாது. "புள்ளி வச்ச நம்பரை நான் நம்ப மாட்டேன்" என்பாள். நியாயம்தான். ஒன்று புள்ளி இரண்டு மீட்டர் என்றால் நூற்றிருபது சென்டி. அதை ஒரு மீட்டர் இரண்டு சென்டி என்று எடுத்துக்கொண்டு ஜன்னலைக் கெடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. அளக்கிறவர்கள் டேப்பின் நுனியை நம்ப மாட்டார்கள். நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். கீழே விழுந்து விழுந்து அது ஆட்டம் கண்டு, ஒரு மில்லி இரண்டு மில்லி பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதனால் நுனியை விட்டுவிட்டு, பத்து சென்டிமீட்டர் கோட்டை ஓரத்தில் பிடித்துக்கொண்டு அங்கிருந்து அளப்பார்கள். வந்த எண்ணில் அந்தப் பத்து சென்டியை, எங்கள் கணக்கில் நூறு மில்லியை, கழித்துவிட வேண்டும். இதற்குப் பத்தில் பிடிப்பது என்று பெயர். அண்ணி எப்போதும் பத்தில்தான் பிடிப்பாள். மனசுக்குள்ளேயே கழித்து, கழித்த எண்ணைத்தான் எனக்குச் சொல்வாள். தாளில் எழுதுவதை அந்த முதல் நாளோடு விட்டுவிட்டாள்.

ஆனால் மனசுக்குள் நடக்கிற கழித்தல் சில சமயம் நடக்காமல் போகும். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஒரே ஜன்னலுக்கு மேல் அகலம் ஆயிரத்து முன்னூற்று ஐம்பது, கீழ் அகலம் ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று சொன்னாள். எந்த ஜன்னலும் அப்படிச் சட்டை விரித்த மாதிரி இருக்காது. மேலே அளந்தபோது கழிக்க மறந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. முதலாளி அப்போது கடுகடுவென்று இருந்த காலம். ஒரு கண்ணாடி வீணானாலும் ஆளை மாற்றிவிடுவார். நான் சத்தம் போடாமல் நூறைக் கழித்து எழுதினேன். கண்ணாடி கச்சிதமாகப் பொருந்தியது.

இப்படி, நான் சேர்ந்த பதினேழு வருடத்தில் பதினொரு தடவை. ஒரு தடவைகூட அவளிடம் சொல்லவில்லை. முதலில் அவள் வேலை போய்விடக் கூடாதே என்றுதான் சொல்லாமல் இருந்தேன். அப்புறம் காரணம் மாறிவிட்டது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், "அந்தப் பல்லிக் கண்ணாடிக்கு அப்புறம் ஒரு கண்ணாடிகூட நான் தப்பா அளந்ததில்ல" என்று அண்ணி ஆரம்பித்துவிடுவாள். என் அண்ணன் தலையாட்டுவான். நான் வாயைத் திறக்காமல், எனக்கு மட்டும் தெரிந்த பதினொன்றை மனசுக்குள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அதில் ஒரு சுகம் இருந்தது. நாத்தனார் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணியின் அந்தத் தங்கை ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். ஒரே பெரிய அறை, அதை ஒட்டிப் பால்கனி. பால்கனியின் இரும்புக் கம்பி அடியில் துருப்பிடித்து, தொட்டால் ஆடியது. கதவின் தாழ்ப்பாளும் உடைந்து ஒரு வருடமாகிறது. குழந்தைக்குப் பதின்மூன்று மாதம், இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். அண்ணிக்கு நிலைகொள்ளவில்லை. கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடித் தடுப்பு போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வெல்டர் வந்து, பழைய கம்பிக்கு உள்பக்கமாக நான்கு எஃகுத் தூண்களை நட்டார். நடுவில் மூன்று கண்ணாடிகள் வரவேண்டும். கண்ணாடி வரும் நாளில் பழைய கம்பியை அறுத்துவிடலாம் என்று ஏற்பாடு.

அண்ணி அங்கிருந்தே போன் செய்தாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்துகொண்டு வீறிட்டு அழுதது.

"எழுதிக்கோ. மொத கண்ணாடி ஆயிரத்து இருநூத்தி நாப்பது. ரெண்டாவதும் அதேதான். மூணாவது ஆயிரத்து முன்னூத்தி நாப்பது. ஏய், டேப்பை விடுடி கண்ணு, கையை அறுத்துரும்! உன்னைச் சொல்லல. மேலயும் கீழயும் ஒரே அளவுதான், வைக்கிறேன்."

இரண்டு கண்ணாடி ஆயிரத்து இருநூற்று நாற்பது, மூன்றாவது மட்டும் சரியாக நூறு அதிகம். குழந்தை அழுகிறது. டேப்பைப் பிடுங்குகிறது. கழிக்க மறந்துவிட்டாள், பன்னிரண்டாவது தடவை என்று நான் சிரித்துக்கொண்டேன். மூன்றாவதுக்கும் ஆயிரத்து இருநூற்று நாற்பது என்று எழுதிச் சீட்டைப் பின்னால் அனுப்பினேன். அவளைக் கேட்கவில்லை.

அடுத்த எட்டு நாளும் அண்ணி எல்லோரையும் படுத்திவைத்தாள். இந்த மாதிரித் தடுப்புக்குச் சாதாரணக் கண்ணாடி ஆகாது. வெட்டி, ஃபர்னஸில் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்து இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு அதில் ஒரு மில்லிகூடச் சீவ முடியாது, சீவினால் மொத்தமும் கற்கண்டு மாதிரி நொறுங்கிவிடும். எங்கள் ஃபர்னஸில் வரிசை நீளம். அண்ணி காலையில் ஒரு போன், மத்தியானம் ஒரு போன்.

"நேத்து ஆயிரத்து நூறு நடந்தா. இன்னைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம். எதிர்ச் சுவர்ல இருந்து பால்கனிக் கதவு எவ்ளோ தெரியுமா? மூவாயிரத்து இருநூறு. ஃபர்னஸ்காரர் என்னதான் பண்றார்?"

"அண்ணி, குழந்தை நடக்கறதைக்கூடவா டேப் வச்சு அளப்பீங்க?"

"வேற எதை வச்சு அளக்கறது? உன் நாக்கை வச்சா? அது நீளம் பத்தாது."

எட்டாம் நாள் இரண்டாயிரத்து எண்ணூறு. ஒன்பதாம் நாள் காலையில் கண்ணாடி வண்டி கிளம்பியது.

ஒன்பதே காலுக்குத் தங்கை எனக்குப் போன் செய்தாள். வண்டி எப்போது வரும் என்று கேட்கத்தான். வெல்டர் வந்துவிட்டாராம், பழைய கம்பியை அறுத்துக்கொண்டிருக்கிறாராம். பேச்சோடு பேச்சாக, "அக்கா, பால்கனிக்குப் பாய் ஒண்ணு சொல்லியிருக்கேன். கடைக்காரர் நேத்து அளந்துட்டுப் போனார். நாலு மீட்டர் ரெண்டு சென்டி நீளமாம், அவ்ளோ பெருசா பாய் இருக்குமா?" என்றாள்.

இருக்கும் என்று சொல்லிப் போனை வைத்தேன். கை சும்மா இருக்காமல் கணக்குப் போட்டது. மூன்று கண்ணாடி, ஒவ்வொன்றும் ஆயிரத்து இருநூற்று நாற்பது. மொத்தம் மூவாயிரத்து எழுநூற்று இருபது. நான்கு தூண், தூணுக்கு ஐம்பது, இருநூறு. ஆக மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. கண்ணாடிக்கும் தூணுக்கும் நடுவே ரப்பருக்கான சில மில்லியைக் கட்டர்காரரே வெட்டும்போது விட்டுக்கொள்வார், அது கணக்கில் வராது. பாய்க்காரர் சொன்னது நான்கு மீட்டர் இரண்டு சென்டி. முதலில் நானே நாலாயிரத்து இருநூறு என்று எழுதிவிட்டேன், அண்ணி பார்த்திருந்தால் என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டாள். இரண்டு சென்டி என்றால் இருபது மில்லி. நாலாயிரத்து இருபது.

நூறு இடித்தது. தூணிலிருந்து கூட்டினேன், கடைசிக் கண்ணாடியிலிருந்து கூட்டினேன், பாய்க்காரர் தப்பாக அளந்திருப்பார் என்று சொல்லிப் பார்த்தேன். எப்படிப் புரட்டினாலும் மூன்றாவது கண்ணாடி ஆயிரத்து முன்னூற்று நாற்பது என்று போட்டால்தான் கணக்கு நேரானது. அவள் கழித்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். கழித்ததை நான் மறுபடி கழித்திருக்கிறேன்.

கட்டர்காரருக்குப் போன் போட்டேன்.

"மூணாவது எவ்ளோ வெட்டினீங்க?"

"நீ எழுதினதுதான். மூணும் ஒண்ணுபோல ஆயிரத்து இருநூத்தி நாப்பது. ஏன்?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அண்ணியைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தங்கையைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அறுக்கிற சத்தத்தில் யார் காதில் விழப்போகிறது? கண்ணாடி நூறு குறைந்தால் நூறு மில்லிக்கு மேல் சந்து விழும். அந்தச் சந்தில் நடக்கப் பழகுகிற ஒரு குழந்தை உடம்பைத் திருப்பி நுழைந்துவிடும். எங்கள் கம்பெனியில் தரை பெருக்குகிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. புதுக் கண்ணாடி வர இன்னும் நாலு நாளாவது ஆகும். பழைய கம்பியோ அறுபட்டுக்கொண்டிருக்கிறது.

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, அண்ணியிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கட்டர்காரர்மேல் போடலாம். போன் இரைச்சல்மேல் போடலாம். குழந்தை அழுததில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம், அது பாதி உண்மையாகவும் இருக்கும். நிறுத்தத்துக்கு ஒரு பொய்யாக யோசித்துக்கொண்டே போனேன். எந்தப் பொய்யும் மூன்றாவது மாடி வரைக்கும் வராது என்றும் தெரிந்தது.

கட்டிடத்து வாசலில் பழைய கம்பி இரண்டு துண்டாகக் கிடந்தது. படியேறிப் போனேன். தங்கை அறை நடுவில் நின்றிருந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை கீழே இறங்க வேண்டும் என்று காலை உதைத்துக்கொண்டிருந்தது. பால்கனியில் இரண்டு கண்ணாடிகள் ஜம்மென்று நின்றன. மூன்றாவதை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் ஓரத்துக்கும் கடைசித் தூணுக்கும் நடுவே தெரு தெரிந்தது.

அண்ணி டேப்பை வைத்துக் கண்ணாடியை அளந்தாள். தூணுக்குத் தூண் அளந்தாள். மறுபடி கண்ணாடியை அளந்தாள். வண்டிக்காரர் சீட்டைக் காட்டினார். என் கையெழுத்தில் ஆயிரத்து இருநூற்று நாற்பது என்று இருந்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி போற ஓட்டைக்காக அந்தத் தூணை வெல்டர் தள்ளி நட்டார். எனக்குத் தெரியுமே. தெரிஞ்சும் எப்படி..." என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள், நான் எதற்கு வந்தேன் என்று கேட்கக்கூட இல்லை. "ரெண்டு தடவை கழிச்சிருக்கேன். கழிச்சதையே திரும்பக் கழிச்சு உன்கிட்ட சொல்லியிருக்கேன்."

உட்காரவே தெரியாத என் அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். டேப்பை மூடி என் கையில் கொடுத்தாள்.

"ஊர்ல இருக்கற வீட்டுக்கெல்லாம் சரியா அளந்தேன். இவளுக்குப் போய் தப்பா அளந்துட்டேன். முதலாளிகிட்ட சொல்லிரு, நான் இனிமே வரல."

இன்னும் ஒரு நிமிடம் நான் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அப்படியே முடிந்திருக்கும். அவள் சொன்னதை எல்லோரும் நம்பியிருப்பார்கள், அவள் உட்பட. எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. டேப் கையில் சூடாக இருந்தது.

"நீங்க சரியாத்தான் அண்ணி சொன்னீங்க. நான்தான் நூறைக் கழிச்சு எழுதினேன். நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் எப்போ மறந்திருக்கேன்?"

சொன்னேன். சட்டை விரித்த ஜன்னலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் மெதுவாக அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

"எத்தனை?"

"பதினொண்ணு."

"பதினேழு வருஷமா, ஒரு கண்ணாடிகூட தப்பினதில்லன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தே."

"ஆமா."

"சிரிச்சிருப்பே."

"சிரிச்சேன்."

அவள் என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "ஒரு போன் பண்ணி, அண்ணி கழிச்சீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றாள்.

"கேட்டா சண்டைக்கு வருவீங்க."

"வருவேன். கண்டிப்பா வருவேன். சண்டை போட்டுட்டு, திரும்ப அளந்திருப்பேன்ல?"

பதினொரு தடவை அவளைக் காப்பாற்றினேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பதினொரு தடவையும் அவளைத் திரும்ப அளக்கவிடாமல் செய்திருக்கிறேன்.

அண்ணி எழுந்தாள். என் கையிலிருந்த டேப்பின் நுனியை இழுத்து, பத்துக் கோட்டில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தூணோரம் பிடிக்கச் சொன்னாள். வலித்தது. அந்தப் பக்கத் தூணுக்குப் போய், "என்ன வருதுன்னு நான் சொல்றேன், நீ கழி. வாயால கழி, மனசுக்குள்ள வேண்டாம்" என்றாள்.

"சொல்லுங்க."

"ஆயிரத்து நானூத்தி நாப்பது."

"நூறு போக ஆயிரத்து முன்னூத்தி நாப்பது."

"மறுபடி."

நான்கு தடவை அளந்தோம். நான்கு தடவையும் அதே எண்தான். வேறு எதுவும் என்னிடம் பேசவில்லை.

தங்கையின் கட்டிலைப் பால்கனிக் கதவுக்குக் குறுக்கே போட்டுக் கயிற்றால் கட்டினார்கள். அது போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் போதவில்லை. நான்கு நாள் லீவு போட்டுவிட்டு, விடிந்ததிலிருந்து குழந்தை தூங்கும்வரை அந்தக் கட்டிலில் பால்கனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் தெருச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பு தூக்கிப்போடும். கட்டிலுக்கு அடியில் எத்தனை மில்லி இடைவெளி என்று குனிந்து குனிந்து பார்த்தேன். கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அண்ணியின் வியாதி எனக்குத் தொற்றிக்கொண்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் குழந்தை எதிர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. கையை விட்டது. நேராக என்னைப் பார்த்து, இல்லை, எனக்குப் பின்னால் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. பாதியில் விழும் என்று நினைத்தேன், விழவில்லை. விழாமல் வந்து என் முழங்காலில் முட்டிக்கொண்டு நின்று சிரித்தது. நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணி, மூன்று நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"மூவாயிரத்து இருநூறு" என்றாள்.

மறுநாள் கண்ணாடி வந்தது, பொருந்தியது. அண்ணி அதைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. அளந்துதான் பார்த்தாள்.

அவள் வேலையை விடவில்லை. ஆனால் நாலு பேர் கூடினால் ஆரம்பிக்கிற அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். என் அண்ணனே ஒரு நாள் எடுத்துக் கொடுத்தும், சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழுந்துபோனாள்.

போன மாதம் ஒரு பள்ளிக்கூட ஜன்னல்களை அளந்துவிட்டுப் போன் செய்தாள். ஐந்தும் எழுநூற்று எண்பது, ஆறாவது எண்ணூற்று எண்பது. என் பேனா தானாக ஏழு போடப் போனது. நிறுத்தினேன்.

"அண்ணி, ஆறாவதுக்குக் கழிச்சீங்களா?"

பிடித்துக்கொண்டாள். இத்தனை வருட அனுபவம் இருக்கிறவளுக்குத் தெரியாதா, ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவளுக்கு வெயிலில் ஏணிமேல் நிற்பவளைப் பற்றி என்ன தெரியும், எங்கள் வம்சமே இப்படித்தான், என் அண்ணனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இதே பாடு என்று ஐந்து நிமிடம் வாங்கு வாங்கு என்று வாங்கினாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"இரு, வைக்காதே" என்றாள். ஏணியில் ஏறுகிற சத்தம் கேட்டது. டேப் சரசரவென்று இழுபடுகிற சத்தம் கேட்டது, சுருண்டது, மறுபடி இழுபட்டது.

"எழுநூத்தி எண்பது" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது. "பன்னெண்டாவது தடவை. அதையும் எழுதி வை."